ரீஸ்டார்ட் எனும் அனாமத்துக் கணக்கு

இருப்பாய்வு போட்டு முடித்தால் பற்றும் வரவும் ஒட்டவில்லை. என்ன செய்வார்கள்? பிழையைத் தேடப் பொறுமை இல்லாதவர்கள் வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை சமம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பிழை மட்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். ப்ளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்த எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம்.

வீட்டு இண்டர்நெட் உலகத்திலும் இப்படி ஒரு அனாமத்துக் கணக்கு உண்டு. அதன் பெயர்: "ரூட்டரை ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

நெட் வரவில்லையா? ஆஃப் பண்ணு. மெதுவாக வருகிறதா? ஆஃப் பண்ணு. ஹாலில் வருகிறது, பெட்ரூமில் வரவில்லையா? அதற்கும் ஆஃப் பண்ணு. தலைவலி, வயிற்றுவலி, கால்வலி எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் டாக்டரிடம் யாராவது இரண்டாவது தடவை போவார்களா? இங்கே மட்டும் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

ரீஸ்டார்ட் சுத்தப் பொய்யா என்றால், இல்லை. வீட்டு ரூட்டர் என்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். எந்தக் கருவி எந்தத் தளத்தோடு பேசுகிறது என்று ஒரு பட்டியலை அது நினைவகத்தில் வைத்திருக்கும். அந்தப் பட்டியல் நிரம்பினாலோ, மென்பொருளில் ஓட்டை இருந்து நினைவகம் தீர்ந்துபோனாலோ தடுமாறும். அணைத்துப் போட்டால் பட்டியல் காலி, பெட்டி கொஞ்சம் ஆறும், வைஃபை சேனலைக்கூடப் புதிதாகத் தேர்ந்தெடுக்கும். ஆகவே சில நேரம் வேலை செய்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்றால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அணைத்துப் போட்டால்தான் ஓடுகிறது என்றால், பழுது வேறெங்கோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அதைவிடப் பெரிய கொடுமை, அணைத்த மாத்திரத்தில் தடயமும் அழிந்துபோகிறது. பல வீட்டு ரூட்டர்களில் எத்தனை மணிக்கு இணைப்பு அறுந்தது என்ற பதிவு தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். மின்சாரம் போனால் அதுவும் போச்சு. திருட்டு நடந்த வீட்டில் போலீஸ் வருவதற்குள் பெருக்கித் துடைத்து வைத்த கதை.

முதல் கேள்வி "ரீஸ்டார்ட் பண்ணீங்களா" அல்ல. "பெட்டியில் என்ன லைட் எரியுது" என்பதுதான். ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளில் அந்தப் பெட்டியில் இரண்டு விளக்குகளைப் பார்த்தால் போதும். 'பான்' பச்சையில் நிலையாக எரிந்தால் கம்பியில் ஒளி வருகிறது. 'லாஸ்' சிவப்பில் மின்னினால் ஒளி வரவில்லை. எங்கோ ஜேசிபி தோண்டியிருக்கலாம், கம்பத்தில் மரக்கிளை விழுந்திருக்கலாம், சுவரோரத்தில் ஃபைபர் மடங்கியிருக்கலாம். அறுந்த கம்பியை ஆயிரம் தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் ஒட்டாது. ஆனாலும் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் வீட்டில் அரைமணி நேரம் ஆஃப், ஆன் ஆட்டம் நடக்கிறது.

பச்சை எரிந்தால் அடுத்தது லேன் கேபிள். லேப்டாப்பை ரூட்டரில் நேராகச் செருகினால் வேகம் வருகிறது, வைஃபையில் மட்டும் வரவில்லை என்றால் பழுது வீட்டுக்குள்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. இருபது வீடுள்ள அப்பார்ட்மென்டில் இருபது ரூட்டரும் அந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்ள வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசைதான். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டினால் பலம் சட்டென்று குறையும். இதெல்லாம் தெரியாமல் ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, 100 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்குகிறார்கள். குழாய் அடைத்திருக்கும்போது மேலே பெரிய டேங்க் வைப்பது போல. கம்பெனியும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

கேபிளிலும் வரவில்லை என்றால் 'பிங்' இருக்கிறது. ரூட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரூட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். அதற்குப் பதில் வருகிறது, வெளியே 8.8.8.8க்கு வரவில்லை என்றால் தடை ரூட்டருக்கு அப்பால் என்று எடுத்துக்கொள்ளலாம். 8.8.8.8க்குப் பதில் வருகிறது, தளத்தின் பெயரை அடித்தால் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் மேல் சந்தேகப்படலாம். மொத்தமே பத்து நிமிட வேலை.

இதை ஏன் யாரும் சொல்லித்தருவதில்லை? இங்கேதான் காசு வருகிறது.

இழப்பீடு என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. ட்ராய் 2006ல் போட்ட பிராட்பேண்ட் தர விதிகளில், பழுது மூன்று வேலை நாட்களைத் தாண்டினால் ஏழு நாள் வாடகை, ஏழைத் தாண்டினால் பதினைந்து நாள் வாடகை, பதினைந்தைத் தாண்டினால் ஒரு மாத வாடகை தள்ளுபடி என்று இருந்தது. அந்த விதிகளுக்குப் பதிலாக 2024 அக்டோபர் 1 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றிலும் லைன் இணைப்பின் பழுதை மூன்று நாளுக்கு மேல் இழுத்தால் வாடிக்கையாளருக்கு இழப்பீடு உண்டு.

நாள் எப்போதிலிருந்து எண்ணப்படும்? புகார் பதிவானதிலிருந்து. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, அரைமணி நேரம் பாருங்க" என்று போன் முடிந்தால் புகார் எண் கிடையாது. புகார் எண் இல்லையென்றால் ஏட்டில் பழுதே கிடையாது. நான்காவது நாளும் நெட் இல்லாத வீட்டின் கணக்கில் பழுது பூஜ்ஜிய நாள்! அனாமத்துக் கணக்கு என்று சும்மா சொல்லவில்லை.

"லட்சக்கணக்கான பேர் கூப்பிடுகிறார்கள், பாதிப் பேருக்கு ரீஸ்டார்ட்டிலேயே சரியாகிறது, ஒவ்வொருவருக்கும் பாடம் எடுக்க முடியுமா" என்று கேட்பார்கள். கால் சென்டரில் உட்கார்ந்திருக்கும் பையனைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அவன் முன்னால் ஒரு காகிதம், தலைக்கு மேல் ஒரு கடிகாரம். கேள்வி அந்தக் காகிதத்தை எழுதியவருக்கு. "என்ன லைட் எரியுது" என்று கேட்க ஐந்து விநாடி போதும். அந்த ஐந்து விநாடியை மிச்சம் பிடித்து, வாடிக்கையாளரின் அரை நாளைச் செலவழிக்கிறார்கள். செலவு இல்லாமல் போகவில்லை, வேறொருவர் பாக்கெட்டுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஐந்து மணிக்கு முடியும் விண்ணப்பத்தை அனுப்ப முடியாத பெண்ணும், வீட்டிலிருந்து வேலை பார்த்து அரை நாள் சம்பளம் இழந்தவரும் கம்பெனியின் லாப நட்டக் கணக்கில் எந்த வரியிலும் வரமாட்டார்கள்.

ஆக வரிசையை மாற்றினால் போதும். முதலில் விளக்கைப் பார்த்து, மணியோடு செல்போனில் ஒரு படம். அப்புறம் கேபிள், பிங். தடை வெளியே என்றால் போனில் முதல் வார்த்தையே "லாஸ் சிவப்பில் எரிகிறது, புகார் எண் கொடுங்கள்". எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு, எத்தனை தடவை சொல்கிறார்களோ அத்தனை தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக் காட்டலாம்.

பி.கு.: ரூட்டரின் பின்னால் இருக்கும் குட்டி ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்துவது ரீஸ்டார்ட் அல்ல, ரீசெட். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, சில இணைப்புகளில் கம்பெனி கொடுத்த லாகின் உட்பட எல்லாம் அழிந்துவிடும். அதன்பிறகு ஆள் வந்தால்தான் உண்டு. யார் சொன்னாலும் புகார் எண் வாங்காமல் அந்த ஓட்டைப் பக்கம் போக வேண்டாம்.