இழுத்து விடுவதற்கு இரண்டு பொருள்

சென்ற மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தில்லித் தமிழரின் வாய்மொழி வரலாறு குறித்த என் முனைவர் பட்ட ஆய்வுக்காக, இங்கே ஜனக்புரியில் நான் நேர்கண்ட பெரியவர் ஒருவரின் மகள் பேசினார். அப்பெரியவர் அறுபதுகளில் மத்திய அரசு எழுத்தராக வந்து, கரோல் பாக்கில் ஒண்டுக்குடித்தனம் நடத்தி, பிறகு ஜனக்புரியில் வீடு வாங்கியவர். “அப்பா போயிட்டார் தம்பி. அன்னைக்கு அவர் பேசினதை ரெக்கார்ட் பண்ணீங்களே, அதைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா?”

அந்தப் பதிவு என்னிடம் இல்லை. அதனோடு வேறு ஆறு பேரின் குரல்களும் இல்லை.

நடந்தது இதுதான். பதிவுகள் இருந்த கோப்புறையை ஒரு சாளரத்திலிருந்து இழுத்து, அடுத்த சாளரத்தில் ‘காப்பு’ என்று பெயரிட்டிருந்த கோப்புறைக்குள் விட்டேன். பென்டிரைவில் இழுத்துவிட்டுப் பழகிய கை. அங்கே நகல் மட்டுமே போகும். மூலம் இருந்த இடத்தில் இருக்கும். இங்கும் அப்படியே என்று எண்ணினேன். சில மாதங்கள் கழித்து வட்டில் இடமில்லை என்று கணினி எச்சரித்தபோது, மூலந்தான் இருக்கிறதே என்ற துணிவில் காப்பை அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். ஒலிப்பதிவுக் கருவியின் அட்டையில் அதற்குள் வேறு பதிவுகள் ஏறியிருந்தன.

வேறொரு வட்டில் ஒரு படி வைத்திருக்க வேண்டும் என்று நண்பர்கள் கடிந்துகொண்டார்கள். உண்மை, அந்தப் பிழை என்னுடையது. ஆனால் பிழையின் மறுபாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

விண்டோஸானாலும் மேக்கானாலும் விதி ஒன்றுதான். ஒரே வட்டுக்குள் இழுத்துவிட்டால் கோப்பு இடம் மாறும். வேறு வட்டுக்கு இழுத்தால் நகலாகும். கையின் அசைவு ஒன்று, விளைவு இரண்டு. எது நிகழும் என்பதைத் தீர்மானிப்பது, பயனர் கண்ணுக்குப் புலப்படாத வட்டுப் பிரிவினை. கணினித் திரையை மேசை என்று சொல்லித்தானே நமக்கு அறிமுகப்படுத்தினார்கள்? எந்த மேசையிலாவது, தாளை இழுப்பறையில் வைத்தால் இடம் மாறும், பக்கத்து வீட்டு மேசையில் வைத்தால் மட்டும் இரண்டாகும் என்ற வழக்கம் உண்டா? ஒரே வட்டுக்குள் நகர்த்துவது கணினிக்கு எளிது. கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடாமல், அது இருக்குமிடம் பற்றிய குறிப்பை மட்டும் மாற்றினால் போதும். வேறு வட்டென்றால் அத்தனையையும் எழுதியாக வேண்டும். இயந்திரத்தின் இந்த வசதியே பயனரின் விதியாகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. நகலாகும்போது சுட்டியருகே ஒரு சிறு கூட்டல் குறி தோன்றுமே என்பார்கள். தோன்றும். இலக்கைத் தவறவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பவன் அதையா பார்ப்பான்?

மூச்சைப் பிடித்துக்கொண்டு என்றது மிகையன்று. இழுத்தல் என்பது அழுத்திய விரலை எடுக்காமலே குறிபார்ப்பது. மெக்கென்ஸி, செலன், பக்ஸ்டன் ஆகிய மூவர் 1991இல் வெளியிட்ட ஆய்வு, வெறுமனே சுட்டுவதைவிட இழுப்பது மெதுவானது, பிழை மிகுந்தது என்று அளந்தே காட்டியது. என் மடிக்கணினியின் சிறு திரையில் இரண்டு சாளரங்களை அருகருகே நிறுத்துவதே பெரும்பாடு. சற்று ஓரமாகத் தள்ளினால் பாதித் திரைக்கு விரிகிறது. மேலே தள்ளினால் முழுத் திரையையும் அடைத்துக்கொள்கிறது. கையில் கோப்பைப் பிடித்தபடி, மறைந்துகிடக்கும் சாளரத்தை எப்படி மேலே கொணர்வது?

அதற்கும் ஒரு வழி இருந்தது. இழுத்துவரும் கோப்பைப் பணிப்பட்டையில் உள்ள சின்னத்தின்மேல் சற்று நிறுத்தினால், உரிய சாளரம் எழுந்து முன்னே வரும். 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11 அந்த வழியை அடைத்துவிட்டது. பயனர்கள் ஓயாமல் முறையிட்ட பின், 2022ஆம் ஆண்டுப் புதுப்பிப்பில்தான் அது திரும்பி வந்தது. பழகிய கைகள் ஓராண்டுக் காலம் தடுமாறின. படியை இடித்துவிட்டுப் பின்னர் கட்டித் தருகிறவர்களுக்கு, இடையில் விழுந்தவர்களின் கணக்கு தெரியாது.

இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை வழிகாட்டியின் 2.2ஆம் பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமலும் செய்ய வழி வேண்டும் என்கிறது அது. கைநடுக்கம் உள்ளவர்களை எண்ணி எழுதப்பட்ட விதி. என் ஆய்வில் பேசிய முதியோர் பலரும் அத்தகையோரே. கணினித் திரையிலோ வெட்டி ஒட்டும் வழி முன்பே உண்டு. குறை அங்கில்லை, இழுத்து விட்டபின் கணினி ஒரு சொல் கேட்பதில்லை என்பதில்தான் இருக்கிறது. சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி இழுத்தால், விண்டோஸ் ‘நகலெடுக்கவா, நகர்த்தவா’ என்று பட்டியல் நீட்டிக் கேட்கிறது. பல்லாண்டுகளாக இருக்கும் வசதி. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கேள்வியை இடப் பொத்தானுக்கும் இயல்பாக்கினால் என்ன? வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளட்டும்.

பெரியவரின் நேர்காணலில் பதினொரு பக்கங்களைப் பதிவு அழியுமுன் எழுத்தில் பெயர்த்திருந்தேன். போன ஞாயிறு அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பக்கத்தை நின்றபடியே படித்த அந்த அம்மா, “குரல் மட்டும் தனியா இருக்கா?” என்று மறுபடியும் கேட்டார்.