கரி வேறு, புகை வேறு

தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை சென்னையிலிருந்து ஐந்து கிலோ கரிப் பொட்டலம் ஒன்றைக் காரில் போட்டுக்கொண்டு வந்தார். எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே அளவுக் கட்டிகள். கூடவே நெருப்பு மூட்ட ஒரு புட்டி எண்ணெய். "மாமா, கோழியைப் புகை போட்டுச் சாப்பிடலாம். இப்ப எல்லாரும் இதுதான் வாங்குறாங்க" என்றார். சாப்பிட்டபோது கோழியை முந்திக்கொண்டு எண்ணெய் வாடைதான் வந்தது. அன்று அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன், அவர் இதைப் படிப்பதில்லை.

இறைச்சியைப் புகையில் வாட்டுவது நம் பக்கத்து வழக்கமில்லை. பட்டினப்பாலையில் வரும் நம் ஊர் முற்றங்களில் மீனும் இறைச்சியும் வறுபடும் ஓசைதான் கேட்கிறது. வெயிலும் உப்பும் தாராளமாகக் கிடைக்கும் கரையில் கருவாடும் உப்புக்கண்டமும் போதுமாயிருந்தன. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் காரைக்கால், புதுச்சேரி வழியாகக் கப்பலேறி ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள் அங்கே வேறொன்றைப் பழகிக்கொண்டார்கள். 1882-இல் பிரிட்டிஷ் அரசு அந்த ஆள் அனுப்புதலை நிறுத்திவிட்டது. போனவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். புகையில் வாட்டிய பன்றி இறைச்சிக்கு அந்தத் தீவில் 'பூக்கானே' என்று பெயர். காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் எனக்கு அந்தச் சொல் கடற்கொள்ளையர் கதையில் முன்பே அறிமுகம். கரீபியன் தீவுகளில் காட்டு மாட்டையும் பன்றியையும் வேட்டையாடிப் புகையில் வாட்டியவர்களைத்தான் முதலில் 'பூக்கானியே' என்றார்கள். கொள்ளையடித்தது பிறகு.

ரெயூனியனில் குடியேறிய என் பள்ளித் தோழன் ஒருமுறை வந்திருந்தபோது சொன்னான்: "சூட்டுக்குக் கரி, மணத்துக்குக் கட்டை. இரண்டையும் குழப்பாதே." நன்றாக வெந்த கரியில் புகையே வராது. மரத்தில் புகையாகப் போக வேண்டியதெல்லாம் மூட்டத்திலேயே போய்விடுகிறது. கரி புகைந்தால் அது அரைவேக்காடு என்று அர்த்தம். அந்தப் புகை இறைச்சியில் கசப்பாக ஏறும்.

ஆகவே கரியை மூட்டையோடு வாங்காமல் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு துண்டைத் தட்டினால் கிண்ணென்று கேட்க வேண்டும். உடைத்தால் உள்ளே கறுத்துப் பளபளக்க வேண்டும். பழுப்பு தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். என் ஓட்டு ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலங்கரிக்கு. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வேரோடு பிடுங்கச் சொன்ன அதே மரம்தான். அதன் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தை அமெரிக்காவில் இறைச்சி வாட்டவென்றே காசு கொடுத்து வாங்குகிறார்கள்! சவுக்குக் கரியும் சோடையில்லை. கொட்டாங்குச்சிக் கரியில் சூடு நன்றாக இருக்கும். ஓடு மெலிசு என்பதால் சீக்கிரம் உட்கார்ந்துவிடும். மாப்பிள்ளை கொண்டுவந்த கட்டியையும் நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை, அது நிதானமாக எரியும். எண்ணெய்ப் புட்டிதான் ஆகாது. பன்னாடையும் பனைவிசிறியும் இருக்கும் வீட்டில் அது எதற்கு?

கரி நீறு பூத்த பிறகே கோழி ஏற வேண்டும். நெருப்பு ஒரு பக்கம், கோழி மறுபக்கம். கொழுப்பு கரியில் சொட்டக் கூடாது. மேலே காய்ந்த கொய்யா அல்லது மாங்கட்டைத் துண்டு ஒன்றிரண்டு போதும். வேம்பு கசக்கும், சாயம் பூசிய பலகையைத் தொடவே தொடாதீர்கள். புகை மெலிசாக, நீலமாகப் போனால் சரி. திரண்டு வெள்ளையாக வந்தால் காற்று போதவில்லை, அல்லது கட்டை ஈரம். தொடை எலும்போரம் 74 டிகிரி காட்டினால் இறக்கிவிடலாம். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் வயதுக்குக் கண்மதிப்பை நம்ப முடியாது.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம் உண்டு. ஆறு வருடத்துக்கு முன் ஓர் ஐப்பசி மாதம், கோழி பாதி வெந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. குமுட்டி அடுப்பைத் தூக்கிப் பின்கட்டு அறையில் வைத்துச் சாரலுக்காகக் கதவையும் சாத்தினேன். புகைதான் இல்லையே என்ற தைரியம். அரை மணியில் எனக்கு மண்டையிடி. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி எழுந்து நிற்கப் போனவள் அப்படியே சுவரோரம் சரிந்தாள். நல்லவேளை, கதவைத் திறந்து அவளைத் திண்ணைக்கு இழுத்துவரும் அளவுக்கு எனக்குத் தெம்பு மிச்சமிருந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து மறுநாள் அனுப்பினார்கள்.

கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. விறகுப் புகையாவது கண்ணைக் கரித்து வெளியே விரட்டும். நல்ல கரி, அதிலும் நீறு பூத்து அமைதியாகக் கிடக்கும் கரி, எந்த எச்சரிக்கையும் கொடுக்காது. குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று மலை ஊர்களிலிருந்து செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பின்கட்டுதான் கண்முன் வருகிறது.

இப்போது குமுட்டிக்குக் கொல்லையில் முருங்கை மரத்துப் பக்கம்தான் இடம். நெருப்பு அணைந்த பிறகும் மறுநாள் காலை வரை அது வீட்டுக்குள் வராது. மழை வந்தால் கோழியை மட்டும் உள்ளே எடுத்துப் போவேன், அன்றைக்குக் குழம்பு.