கவனக்குறைவு உங்கள் குணம் அல்ல!



பரீட்சைத் தாள் திருத்திக் கொடுத்த நாளன்று மாலையில், எங்கள் காளவாசல் பஸ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "எனக்கு எல்லாம் தெரியும்டா! சின்னத் தப்புலதான் மார்க் போச்சு!"

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடமும் அதே பதில்தான். "கவனக்குறைவும்மா!" உடனே அம்மா, "உனக்குக் கவனம் எப்பத்தான் இருந்துச்சு?" என்பார். அத்தோடு விஷயம் முடிந்துவிடும். அடுத்த பரீட்சையிலும் அதே தப்பு வரும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். என் கருத்தைச் சொல்கிறேன். நீங்கள் சொல்வதும் சரியில்லை, அம்மா சொல்வதும் சரியில்லை. 'சின்னத் தப்பு' என்று தள்ளிவிடக் கூடாது. 'கவனம் இல்லாத பிள்ளை' என்று முத்திரை குத்தவும் கூடாது. கவனக்குறைவு என்பது யாருடைய குணமும் அல்ல. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தால் தப்பு ஓடிப்போகும்!

வேதியியலில்தான் இந்தத் தப்புகள் அதிகம். ஏன் தெரியுமா? அங்கே ஒரு புள்ளி, ஒரு சின்ன எண், ஒரு எழுத்து மாறினாலும் பொருளே மாறிவிடும்.

கோபால்ட் என்ற உலோகத்தின் குறியீட்டை எழுதச் சொன்னால், ஆங்கிலத்தில் பெரிய 'சி', சின்ன 'ஓ' எழுத வேண்டும். அவசரத்தில் இரண்டையும் பெரிய எழுத்தாக எழுதினால் அது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு! உலோகம் வாயுவாகிவிட்டது பார்த்தீர்களா?

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் உண்டாகும் சமன்பாட்டைச் சமன் செய்யும்போது, நீருக்கு முன்னால் 2 போட வேண்டும். சிலர் அந்த 2-ஐ ஆக்சிஜனுக்குக் கீழே போட்டுவிடுவார்கள். எண்ணிக்கை சரியாகத்தான் வரும். ஆனால் அது நீர் அல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு! குடிக்கிற தண்ணீர் கிருமிநாசினி ஆகிவிட்டது. ஆகவே, சமன் செய்யும்போது முன்னால் உள்ள எண்ணை மட்டும்தான் மாற்ற வேண்டும், கீழே உள்ள எண்ணைத் தொடவே கூடாது.

எங்கள் ஊர்ப்பகுதியின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். காளவாசல் என்றால் சுண்ணாம்பு, செங்கல் முதலியவற்றைச் சுடும் சூளை என்று பொருள். இந்தப் பெயருக்குள் ஒரு வேதியியல் பாடமே இருக்கிறது.

சூளையில் சுண்ணாம்புக்கல்லைப் போட்டு, ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் சூடு பறக்கக் கொதித்து, நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். (இதை நீங்கள் செய்து பார்க்கக் கூடாது. கண்ணில் தெறித்தால் பேராபத்து!) அதைச் சுவரில் பூசினால், காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, மறுபடி சுண்ணாம்புக்கல்லில் இருந்த அதே கால்சியம் கார்பனேட்டாக இறுகிவிடும். 1636இல் கட்டப்பட்ட நம் திருமலை நாயக்கர் மகாலும் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுந்ததுதான்.

சுண்ணாம்புக்கல், சுட்ட சுண்ணாம்பு, நீற்றுச் சுண்ணாம்பு. மூன்றிலும் 'சுண்ணாம்பு' இருப்பதால் பரீட்சையில் பிள்ளைகள் ஒன்றுக்கு ஒன்று மாற்றி எழுதிவிடுகிறார்கள். 'கவனக்குறைவு' என்கிறார்கள். உண்மையான காரணம் என்ன? மூன்று பெயர்களையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ததுதான். சூளை, தண்ணீர், சுவர் என்று கதையாக ஒருமுறை வரிசைப்படுத்தியிருந்தால் மாறியிருக்குமா?

"சரி தாத்தா, எழுதி முடித்ததும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது! எப்படிச் சரிபார்க்கிறோம் என்பதுதான் முக்கியம். ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன்.

1983 ஜூலை மாதம். ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் 69 பேருடன் கனடாவில் பறந்துகொண்டிருந்தது. சுமார் 41,000 அடி உயரத்தில் பறந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, சற்று நேரத்தில் இரண்டு எஞ்சின்களும் நின்றுவிட்டன! காரணம் என்ன தெரியுமா? எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கிட வேண்டும். அவர்களோ பவுண்டுக்கு உரிய எண்ணைப் போட்டுப் பெருக்கிவிட்டார்கள். ஒரு பவுண்டு என்பது சுமார் 454 கிராம்தான். ஆக, தேவையில் பாதிகூட நிரப்பவில்லை.

வழியில் ஒட்டாவா நகரில் நின்றபோது எரிபொருளை மறுபடியும் அளந்து சரிபார்த்தார்கள். ஆனால் அங்கும் அதே தப்பான எண்ணைத்தான் பயன்படுத்தினார்கள்! அதனால் விடையும் 'சரியாக' வந்தது. நல்லவேளையாக விமானிகள் திறமையாக விமானத்தை மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரில் பழைய விமானத்தளம் ஒன்றில் இறக்கினார்கள். 69 பேரும் பிழைத்தார்கள்.

என்ன தெரிகிறது? போன வழியிலேயே திரும்பவும் போனால் விழுந்த பள்ளத்திலேயே மறுபடியும் விழுவோம். சரிபார்க்க வேறு வழியில் வர வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது விமானத்திடம் அல்ல, ஒரு ஏழாம் வகுப்பு மாணவியிடம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அரையாண்டுத் தேர்வு அறிவியலில் அந்தப் பெண்ணுக்கு 100க்கு 28 போட்டிருந்தேன். நன்றாகப் படிக்கிற பெண்தான். தாளை வாங்கிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நான்கு நாள் பள்ளிக்கே வரவில்லை. ஐந்தாம் நாள் அவள் தோழி வந்து, "சார், அவளை வேலைக்கு அனுப்பப் போறாங்களாம். பெயிலாப் போற பிள்ளைக்குப் படிப்பு எதுக்குன்னு அவ அப்பா சொல்லிட்டாரு" என்றாள்.

மனம் கேட்காமல் அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். விடைத்தாளை வாங்கிப் புரட்டினால், கடைசிப் பக்கத்தில் நானே போட்ட 14 மதிப்பெண்கள் முன்பக்கக் கட்டத்தில் ஏறவே இல்லை! 28ம் 14ம் 42. அவள் பாஸ்! கூட்டலை நான் இரண்டு முறை சரிபார்த்திருந்தேன். இரண்டு முறையும் முன்பக்கக் கட்டத்தை மட்டும்தான் பார்த்தேன்.

அவள் அப்பாவிடம், "ஐயா, தப்பு உங்க மகள்மேல இல்ல. என்மேல" என்றேன். அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "வாத்தியாரும் தப்புப் போடுவாரா சார்?" என்றார். மறுநாள் அவள் பள்ளிக்கு வந்தாள். அன்று முதல் முன்பக்கக் கட்டத்தில் ஒருமுறை, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி ஒருமுறை என்று இரண்டு வழியாகக் கூட்டாமல் எந்தத் தாளையும் நான் கொடுத்ததில்லை.

'நான் கவனமில்லாதவன்' என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தால் அது நடந்திருக்காது. காரணத்தைக் கண்டேன், பழக்கத்தை மாற்றினேன். அவ்வளவுதான்! நீங்களும் செய்யலாம்.

முதலில், ஒரு பழைய நோட்டை எடுத்து 'தப்பு நோட்டு' என்று பெயர் வையுங்கள். நான் எழுதியது என்ன, சரியான விடை என்ன, ஏன் தப்பு வந்தது என்று மூன்று கட்டம் போடுங்கள். மூன்றாவது கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதக் கூடாது! 'தவறான கூற்றைத் தேர்ந்தெடு என்பதில் தவறான என்ற சொல்லைப் படிக்கவில்லை', 'அலகு எழுதவில்லை' என்று உண்மையை எழுதுங்கள். நாலைந்து தேர்வுத் தாள்களைப் பார்த்து எழுதினால், உங்களை ஏமாற்றுவது இரண்டு மூன்று தப்புகள்தான் என்று தெரியும். பரீட்சைக்கு முதல் நாள் இந்த நோட்டைப் படியுங்கள்.

அடுத்து, வாயால் படித்தால் மட்டும் போதாது. குறியீடுகளையும் சமன்பாடுகளையும் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். கை செய்யும் தப்பு வாய்க்குத் தெரியாது.

மூன்றாவது, பரீட்சை அறையில் அவசரம் வேண்டாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிப்பதற்கென்றே 10 நிமிடம் தருகிறார்கள். அதை இப்போதே வகுப்புத் தேர்வில் பழகுங்கள். கேள்வியில் உள்ள முக்கியச் சொல்லின்மேல் விரலை வைத்துப் படியுங்கள்.

கடைசியாக, வேறு வழியில் சரிபாருங்கள். 100 கிராம் சுண்ணாம்புக்கல் முழுவதும் சிதைந்தால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு, 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று விடை வந்ததா? இரண்டையும் கூட்டுங்கள். 100 வந்தால் சரி. சமன்பாட்டில் இடப்பக்கம் எத்தனை அணு, வலப்பக்கம் எத்தனை அணு என்று எண்ணுங்கள். விடைத்தாளைக் கடைசிக் கேள்வியிலிருந்து முதல் கேள்விக்குப் பார்த்து வாருங்கள். விட்டுப்போனது பளிச்சென்று தெரியும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாளைக் கொடுத்ததும் மதிப்பெண்ணை மட்டும் கேட்காதீர்கள். "எந்த இடத்துல தப்பு வந்துச்சு, காட்டு" என்று பக்கத்தில் உட்காருங்கள். ஆசிரியர்களும் தாள் கொடுக்கிற அன்று ஒரு பாடவேளையைத் தப்பு தேடுவதற்கென்றே ஒதுக்கலாம். புதுப் பாடம் ஒருநாள் தள்ளிப்போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

குழந்தைகளே! தப்பு செய்வது கேவலம் இல்லை. தாளில் கூட்டல் தப்பாக இருந்தால் ஆசிரியரிடம் மரியாதையாகக் கேட்பதும் தப்பில்லை. அன்று அந்தப் பெண் கேட்டிருந்தால் நான்கு நாள் அழுதிருக்க வேண்டாம். கேட்கும் தைரியத்தை அவளுக்கு நான் கொடுத்திருக்க வேண்டும். அதுவும் என் தப்பு நோட்டில் இருக்கிறது.

அடுத்த பரீட்சை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, "சின்னத் தப்புடா" என்று சொல்லாமல், "ஏன் தப்பு வந்துச்சுன்னு கண்டுபிடிச்சிட்டேன்டா!" என்று சொல்லுங்கள். அதைக் கேட்க இந்தத் தாத்தா காத்திருப்பேன்!