வட்டைக் குறை சொல்வதற்கு முன்

ரெய்டு கண்ட்ரோலர் உள்ள லினக்ஸ் சர்வரில் எழுதும் வேகம் திடீரென்று சரிந்தால், ஹார்ட் டிஸ்க்குகள் பழசாகிவிட்டன, எஸ்எஸ்டி வாங்குங்கள் என்கிறார்கள். எஸ்எஸ்டி வேகமானதுதான். ஆனால் எல்லா வட்டுகளும் ஒரே இரவில் சேர்ந்தா கிழடாகும்? கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 7,200 சுழற்சி வட்டுக்கு ஒரு சுற்று 8.3 மில்லிநொடி, தலை நகரும் நேரத்தையும் கூட்டினால் நொடிக்கு ஏறக்குறைய 75 முதல் 100 சிதறிய செயல்கள். ரெய்டு 5-இல் ஒரு சிறு எழுதலுக்கு நான்கு செயல்கள்: பழைய தரவையும் பாரிட்டியையும் படிக்க இரண்டு, புதியவற்றை எழுத இரண்டு. ஆக, நான்கு வட்டுகள் சேர்ந்தாலும் ஒரே வட்டின் வேகம்தான். இத்தனை நாள் அதை மறைத்தது கண்ட்ரோலரின் ரைட்-பேக் கேஷ். அதன் பேட்டரி செத்தால் பல கண்ட்ரோலர்கள் தாமாகவே ரைட்-த்ரூவுக்கு, அதாவது ஒவ்வொரு எழுதலும் வட்டை எட்டும்வரை காத்திருக்கும் முறைக்கு, மாறிவிடும். முதலில் பார்க்க வேண்டியது அதுதான். மெகாரெய்டு கண்ட்ரோலரானால் ஸ்டோர்சிஎல்ஐ ஒரு கட்டளையில் காட்டிவிடும்.

டிடி ஓட்டினோம், வேகம் நன்றாகத்தான் வந்தது என்பார்கள். நேரடி எழுதலோ எஃப்சிங்க்கோ கேட்காத டிடி அளப்பது பெரும்பாலும் ரேமை. ஐஓஸ்டேட்டின் யூட்டில் 100 சதவீதம் காட்டுகிறதே? ஏதோ ஒரு கோரிக்கை எப்போதும் நிலுவையில் இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது. ஒரே சாதனமாகத் தெரிவதன் பின்னால் பல வட்டுகள் இருக்கின்றன. காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள்.

பேட்டரி இல்லாமலே ரைட்-பேக்கைக் கட்டாயப்படுத்தலாமே என்பது எல்லாவற்றிலும் ஆபத்தான யோசனை. மின்சாரம் போனால், எழுதியாயிற்று என்று டேட்டாபேஸ் நம்பிய பதிவுகள் கேஷோடு அழியும். பேட்டரியை மாற்றுங்கள்.