கம்பெனி வளர்கிறது, ஊழியர்?

சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஒரு பங்கின் வெளியீட்டு விலை 36 டாலர். ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆகிவிட்டார்கள், அவர்களில் சுமார் 70 பேருக்கு 30 வயதுகூட ஆகவில்லை என்று நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் பெருமையோடு சொன்னார். 2024 நவம்பரில் அதே நிறுவனம், ஊழியர்களில் 13 சதவீதத்தினரை, அதாவது சுமார் 660 பேரை, வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. அது தொழில் சரிந்த காலம் அல்ல. அந்தக் காலாண்டில் வருவாய் முந்தைய ஆண்டைவிட 22 சதவீதம் கூடியிருந்தது. தன் பங்குகளையே 40 கோடி டாலர் வரை திரும்ப வாங்கிக்கொள்ளும் திட்டமும் ஆள்குறைப்போடு சேர்ந்தே வந்தது.

தொடக்க ஆண்டுகளில் சேர்ந்து இன்னமும் பங்கு வைத்திருப்பவருக்கு, பங்கைத் திரும்ப வாங்கும் அறிவிப்பு நல்ல செய்தி. பட்டியலிட்ட பிறகு சேர்ந்து நீக்கப்பட்டவருக்கு அதே அறிவிப்பு வீட்டுக்கடன் தவணையைப் பற்றிய கவலை. இந்த இருவரிடமும் “அங்கே வேலை எப்படி?” என்று கேட்டால் இரண்டு வெவ்வேறு கம்பெனிகளைப் பற்றிப் பேசுவதுபோல்தான் பேசுவார்கள். இருவர் சொல்வதும் உண்மை. வளரும் மென்பொருள் நிறுவனத்தைப் பற்றி ஊழியர் சொல்லும் கருத்தில் நிறுவனத்தின் குணத்தைவிட, அவர் எந்த ஆண்டு உள்ளே நுழைந்தார் என்பதே அதிகம் தெரிகிறது.

இதைக் கவனிக்காமல்தான் வேலை தேடுபவர்கள் கிளாஸ்டோர், ஆம்பிஷன்பாக்ஸ் போன்ற தளங்களின் நட்சத்திர மதிப்பெண்ணை நம்புகிறார்கள். அங்கே எழுதத் தோன்றுவது பெரும்பாலும் இரண்டு சமயங்களில்: சேர்ந்த புதிதில், எச்.ஆர். நினைவூட்டும்போது; விட்டுப்போகும்போது, மனக்கசப்பு ஆறாமல் இருக்கும்போது. நடுவில் நான்கைந்து வருடம் சத்தமில்லாமல் வேலை செய்பவர் எழுதுவது குறைவு. உற்சாகத்தையும் கசப்பையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் சராசரி, யாருடைய அனுபவமும் அல்ல.

பத்துப் பேரும் ஐந்நூறு பேரும்

ஐபிஎம் நிறுவனத்தில் சிஸ்டம்/360 கணினிகளுக்கான இயங்குதளப் பணியை நிர்வகித்தவர் ஃபிரெட் புரூக்ஸ். 1975-ல் வெளியான தன் புத்தகத்தில், தாமதமாகிவிட்ட மென்பொருள் பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று எழுதினார். அவர் சுட்டிய காரணங்களில் ஒன்று எளிய கணக்கு. பத்துப் பேர் உள்ள இடத்தில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் இணைகள் 45. ஐம்பது பேர் என்றால் 1,225. ஐந்நூறு பேர் என்றால் 1,24,750. இவ்வளவு பேர் நேரில் பேசித் தீர்த்துக்கொள்ள முடியாது. அதனால்தான் மீட்டிங், டிக்கெட், ஒப்புதல் மேல் ஒப்புதல் என்று எல்லாம் வருகின்றன.

முதல் ஐம்பது பேரில் ஒருவராக இருந்தவருக்கு இது பெரிய இழப்பாகத் தெரியும். நேற்றுவரை நிறுவனரின் மேசைக்குப் போய் “இது சரிவராது சார்” என்று சொல்ல முடிந்தவர், இன்று அதையே மூன்று மேனேஜர்களைத் தாண்டி ஸ்லைடு போட்டுச் சொல்ல வேண்டும். “முன்னாடி மாதிரி இல்ல” என்ற அங்கலாய்ப்பு இங்கிருந்துதான் வருகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆள் எண்ணிக்கை கூடக் கூட, சட்டமும் கூடவே உள்ளே வருகிறது. பத்துப் பேர் ஆனதும், பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி உள்புகார்க் குழு அமைக்க வேண்டும். இருபது பேர் ஆனதும் வருங்கால வைப்பு நிதி கட்டாயம். ஐம்பது பேரைத் தொட்டதும், குழந்தைக் காப்பக வசதி வேண்டும்; மகப்பேறு சலுகைச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்த விதி இது. “நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்று பேசும் சிறு நிறுவனத்தில், மேலாளர் தவறாக நடந்துகொண்டால் எங்கே போய்ச் சொல்வது? விடுப்பு கேட்கும் கர்ப்பிணி உரிமை பேசுவதா, தயவு கேட்பதா? பழைய ஆட்கள் சலித்துக்கொள்ளும் நடைமுறைதான், பிறகு சேரும் பெண்ணுக்குப் பாதுகாப்பு. வளர்ச்சி வந்ததும் கலாசாரம் கெட்டுவிட்டது என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை.

ஈசாப் கணக்கு

வளரும் நிறுவனத்தில் சேருபவர் சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதற்கு முக்கியக் காரணம், ஈசாப் எனப்படும் பங்கு வாய்ப்பு. அது கைக்கு வரும் வழி நீளமானது. வழக்கமாக நான்கு ஆண்டுகளில் தவணை தவணையாக உரிமையாகிறது. முதல் ஓராண்டுக்குள் எதுவும் உரிமையாக முடியாது என்பது சட்டம். உரிமையானாலும் குறித்த விலையைக் கட்டித்தான் பங்கை வாங்க முடியும். வாங்கும் அன்று சந்தை மதிப்புக்கும் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகக் கருதப்பட்டு வரி விழுகிறது. நிறுவனம் பட்டியலிடப்படாமல் இருந்தால் பங்கை விற்க வழியிருக்காது. கையில் வராத பணத்துக்கு வரி கட்ட வேண்டியிருக்கும். 2020 பட்ஜெட்டில் இந்த வரியைத் தள்ளிப்போடும் சலுகை வந்தது. ஆனால், வரிவிலக்குச் சான்று பெற்ற தகுதியுள்ள ஸ்டார்ட்-அப்களின் ஊழியர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். வேலையை விட்டுவிட்டால் சலுகையும் முடிந்துவிடும்.

பல நிறுவனங்களின் திட்டங்களில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. வேலையை விட்ட சில மாதங்களுக்குள் பணம் கட்டிப் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். தவறினால் அது காலாவதி. வேலை போன நேரத்தில், என்றைக்கு விற்க முடியும் என்று தெரியாத பங்குக்காக லட்சக்கணக்கில் புரட்டுவது எல்லோராலும் ஆகிற காரியமா?

பட்டியலிட்ட நிறுவனத்தில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அங்கே விலை ஏறி இறங்கும். 36 டாலரில் வெளியிடப்பட்ட ஃப்ரெஷ்வொர்க்ஸ் பங்கு, முதல் நாளிலேயே 40 டாலரைத் தாண்டியது. 2022-ல் வெளியீட்டு விலையின் பாதிக்கும் கீழே போனது. சில காசுகளுக்குப் பங்கு வாங்கியவர்களுக்கு அப்போதும் லாபம்தான். உச்ச விலையை வைத்துக் கணக்குப் போட்டு, “மொத்த சம்பளம் இவ்வளவு” என்று நம்பிச் சேர்ந்தவருக்குத்தான் துண்டு விழுந்தது. உழைப்பில் இருவருக்கும் வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். ஆஃபர் லெட்டரில் இருந்த தேதி வேறு.

நிறுவனம் ஊழியருக்காகச் செய்யும் மொத்தச் செலவு எனப்படும் சி.டி.சி.யிலும் இப்படி ஒரு கண்கட்டு உண்டு. ஆண்டுச் சம்பளக் கணக்கில் பணிக்கொடையையும் சேர்த்துக் காட்டுகிறார்கள். நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை கிடைக்க ஐந்தாண்டு தொடர்ச்சியாக வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளில் இடம் மாறுவது இயல்பாகிவிட்ட தொழிலில், பலர் தங்கள் கைக்கு வராத தொகையையும் சம்பளம் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

பதவிப் பெயரும் பாதுகாப்பும்

வளரும் நிறுவனங்கள் தாராளமாகத் தருவது பதவிப் பெயர்களை. இருபத்தாறு வயதில் டீம் லீட், இருபத்தொன்பதில் மேனேஜர். கல்யாணப் பேச்சில் இதற்கு மதிப்பு உண்டு. தொழில் தகராறு என்று வந்தால் இதே பெயர் ஊழியருக்கு எதிராகத் திரும்பக்கூடும்.

1947-ம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் தொழில்நுட்ப வேலை செய்பவரையும் தொழிலாளி என்றே கருதியது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரை விலக்கியது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை என்று 2016-ல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் இந்தப் பாகுபாட்டைத் தொடர்கிறது. ஓராண்டு பணி முடித்த தொழிலாளியை ஆள்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். பதவிப் பெயரைப் பார்க்காமல் செய்த வேலையைப் பார்த்தே நீதிமன்றங்கள் முடிவெடுக்கின்றன என்றாலும், அதுவரை வழக்கு நடத்த எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கிறது? அதனால்தான் “நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள், அனுபவச் சான்றிதழ் நல்லபடியாகத் தருகிறோம்” என்ற எச்.ஆர். வசனம் இத்துறையில் பழகிப்போய்விட்டது. ராஜினாமா, சட்டத்தின் கணக்கில் ஆள்குறைப்பே அல்ல.

வேறு பாதை இருக்கிறதா?

ஃப்ரெஷ்வொர்க்ஸில் 2024 ஆள்குறைப்பு நடந்தபோது, பெயர் குறிப்பிடாமல் அதைக் கடுமையாக விமர்சித்தவர் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு. கையில் பணமும் நல்ல வளர்ச்சியும் இருக்கும்போது பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டே ஊழியரை நீக்குவது பேராசை, அப்படிப்பட்ட நிறுவனம் ஊழியரின் விசுவாசத்தை எதிர்பார்க்க முடியாது என்பது அவர் வாதம். ஸோஹோ இந்தத் தொழிலில் நேரடிப் போட்டியாளர். கிரிஷ் மாத்ருபூதமே முன்பு அங்கு வேலை பார்த்தவர். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்த விமர்சனத்தைப் படிக்க வேண்டும். ஆனாலும், அவருடைய நிறுவனம் வேறு பாதையில் போயிருப்பது உண்மை. 1996-ல் தொடங்கி இன்றுவரை பங்குச்சந்தைக்குப் போகவில்லை. பல ஆண்டுகளாகப் பிளஸ் டூ, டிப்ளமா முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கிறது. 2011-ல் தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்தது. சொந்த ஊரில் இருந்துகொண்டே வேலை பார்க்கலாம். பட்டியலிடும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் கோடீஸ்வரராவது மட்டும் அங்கே இல்லை.

இந்த இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்பெழுத வேண்டியதில்லை. வெளி முதலீட்டை வாங்கி வேகமாக வளர்வது ஒரு வழி. சொந்த லாபத்தில் நிதானமாக வளர்வது இன்னொரு வழி. முதலாவதில் வாய்ப்பும் ஆபத்தும் அதிகம், இரண்டாவதில் இரண்டும் குறைவு. எந்த வழியில் போகிறோம் என்பதைச் சேரும் அன்றே ஊழியரிடம் சொல்லாததுதான் தவறு. முதல் வழியின் ஆபத்தை வைத்துக்கொண்டு இரண்டாவது வழியின் ‘குடும்பம்’ பேச்சைப் பேசும் நிறுவனங்கள்மீதுதான் ஊழியர்களுக்குக் கோபம் வருகிறது.

“சந்தை எப்படிப் போகும் என்று எங்களுக்கே தெரியாது, வேலைக்கு உத்தரவாதம் எப்படித் தருவது?” என்று நிறுவனர்கள் கேட்பது நியாயம். யாரும் அந்த உத்தரவாதத்தைக் கேட்கவில்லை. பங்கு தரும்போது, நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் எத்தனை, கடைசியாக மதிப்பிட்ட விலை என்ன, வேலையை விட்டால் எத்தனை நாள் அவகாசம் என்று ஒரே பக்கத்தில் எழுதித் தரலாம். ஆள்குறைப்பு நேர்ந்தால் எத்தனை மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு எதுவரை என்பதைப் பதவி வேறுபாடு பார்க்காமல் நியமனக் கடிதத்திலேயே போடலாம். ஊழியர் கருத்துக் கணிப்பு நடத்தினால், சேர்ந்த ஆண்டுவாரியாகப் பிரித்து உள்ளேயே வெளியிடலாம். யார் வளர்ந்தார்கள், யார் தேங்கினார்கள் என்பது தெரிந்துவிடும். ஸ்டார்ட்-அப்களுக்கு விதை நிதி கொடுக்கும் தமிழக அரசு, இவற்றில் முதல் இரண்டையும் அந்த நிதிக்கான நிபந்தனையாக வைக்கலாம். செலவு அதிகம் ஆகாது.

வளர்ச்சிக் கணக்கைக் காலாண்டு தவறாமல் முதலீட்டாளர் முன்னால் வைக்க நிறுவனங்களால் முடிகிறது. பணம் போட்டவருக்குக் கிடைக்கும் அந்தக் கணக்கு, வயதின் நல்ல பத்தாண்டுகளைப் போட்டவருக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது கிடைக்க வேண்டும். கிடைக்காதவரை, மதிப்பெண் தளங்களில் எத்தனை நட்சத்திரம் மின்னினாலும் அதை நம்பி யாரும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டாம்.