குறைமாதக் குழந்தைக்கு எந்த இசை?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

இசைக்கு மயங்காத உயிரில்லை என்று மேடைதோறும் பேசுகிறோம். இசை கேட்டுப் பயிர் செழிக்கிறது, பசு பால் பெருக்குகிறது என்றெல்லாம் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பட்டியலில் இப்போது குறைமாதக் குழந்தையும் சேர்ந்திருக்கிறது. மொசார்ட்டின் இசையைக் கேட்டால் குழந்தை அறிவாளியாகும், நீலாம்பரி ஒலித்தால் விரைவில் தேறிவிடும் என்று கைப்பேசிச் செய்திகள் வலம் வருகின்றன. இவற்றில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று ஆராய்வது அறிவியல் மாணவர்களாகிய நம் கடமையன்றோ?

37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையையே குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. அவர்களுள் சுமார் 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். எனவே இதை எங்கோ சீமையில் நடக்கும் கதை என்று தள்ளிவிட முடியாது.

முதலில் மிகையைப் பார்ப்போம். 1993இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. மொசார்ட்டின் பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்டவர்கள் ஒருவகைத் தேர்வில் சற்று மேலான மதிப்பெண் பெற்றனர். அந்தப் பலன் கால் மணி நேரத்துக்குமேல் நீடிக்கவில்லை. கேட்டவர்களும் குழந்தைகள் அல்லர். நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்கள் 36 பேர்! ஆயினும் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்க நிதி கேட்டார். கல்லூரி மாணவனுக்குக் கால் மணி நேரம் கிடைத்த பலன், தொட்டில் குழந்தைக்கு ஆயுள் முழுவதும் கிடைக்கும் என்றாகிவிட்டது.

அப்படியானால் இசையால் பயனே இல்லையா? உண்டு. 2010இல் வெளியான டெல் அவிவ் ஆய்வில், 20 குறைமாதக் குழந்தைகளுக்கு அரை மணி நேரம் மொசார்ட் இசை கேட்பிக்கப்பட்டது. அவ்வேளையில் அவர்கள் உடல் செலவிட்ட ஆற்றல் நூற்றுக்கு 10 முதல் 13 பங்கு குறைந்தது. ஜெனிவா மருத்துவர்கள் குறைமாதக் குழந்தைகளுக்கென்றே ஆண்ட்ரியாஸ் வோலன்வைடர் என்ற இசைக்கலைஞரைக் கொண்டு எட்டு நிமிட இசைத்துண்டுகளை அமைத்தனர். யாழ் போன்ற ஹார்ப்பும் மணிகளும் ஒலித்த அவ்விசையில், குழந்தைகளை அதிகம் ஈர்த்த கருவி எது தெரியுமா? நம் ஊர்ப் பாம்பாட்டியின் மகுடி! இசை கேட்ட குழந்தைகளின் மூளை இணைப்புகள் சில, நிறைமாதக் குழந்தைகளின் இணைப்புகளை நெருங்கியிருந்ததாக 2019இல் அவர்கள் அறிவித்தனர்.

ஆனால் 25 சோதனைகளை, அதாவது 1,500க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய முடிவுகளை, ஒன்றுதிரட்டி 2023இல் வெளியான ஆய்வு அடக்கமாகவே பேசுகிறது. இதயத்துடிப்பு சற்றுத் தணிகிறது. இரத்தத்தில் பிராணவாயு கூடவில்லை. பிற்கால அறிவு வளர்ச்சிக்கும் சான்று கிடைக்கவில்லை.

இனி, குழந்தையின் செவியை எண்ணிப் பாருங்கள். ஆறாம் மாதமளவில் கருவிலிருக்கும் குழந்தைக்கு ஒலி எட்டத் தொடங்குகிறது. அது கேட்பது தாயின் இதயத் துடிப்பும் அவள் குரலும்தான். முந்திப் பிறந்துவிட்டாலோ, எந்திரத்தின் இரைச்சலும் எச்சரிக்கை மணியும் கதவு சாத்தும் ஓசையும் இரவு பகலாக வந்து மோதுகின்றன. இத்தகைய வார்டுகளில் ஒலி 45 டெசிபலைத் தாண்டுவது கவலைக்குரியது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1997இலேயே எச்சரித்தது. நாம் சாதாரணமாகப் பேசுவதே சுமார் 60 டெசிபல்! ஆகவே அக்குழந்தைக்கு நாம் தரவேண்டிய முதல் இசை அமைதியே.

இரண்டாவது, தாயின் குரல். என் அக்காளின் முதற்குழந்தை 32ஆம் வாரத்தில் பிறந்தது. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். குழந்தை உள்ளே கண்ணாடிப் பெட்டியில். அக்காள் வெளியே வராந்தாவில். பீய்ச்சிய பாலை வாங்கிக்கொள்ள மட்டும் கதவு திறக்கும். எங்கள் அம்மாவுக்கு எழுத்து தெரியாது, தாலாட்டு தெரியும். “ஒரு தடவை உள்ள விடுங்கம்மா, மெதுவாப் பாடிட்டு வந்துடுறேன்” என்று கேட்டாள். சிரித்தார்கள். அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில் 272 குழந்தைகளுக்குப் பெற்றோர் விரும்பிய தாலாட்டையும் வேறு சில ஒலிகளையும் கேட்பித்து, நலன் கண்டு, 2013இல் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். அங்கே ஆராய்ச்சி எனப்படுவது இங்கே அறியாமையா?

நோய்த்தொற்று வருமே என்று சிலர் கேட்கலாம். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் தாயையும் வார்டுக்குள்ளேயே தங்கவைத்து, பிறந்தவுடனே குழந்தையை அவள் மார்போடு அணைத்து வைத்துப் பார்த்தார்கள். இறப்பு கால் பங்கு குறைந்தது, தொற்றும் குறைந்தது. 2021இல் வந்த முடிவு இது. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது. சுத்தமாகக் கை கழுவிய தாய் குழந்தைக்குப் பகையல்லள்.

நண்பர்களே! அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், எத்தனை குழந்தைகளிடம் சோதித்தார்கள், பலன் எவ்வளவு நேரம் நின்றது என்று கேளுங்கள்; பிறகு பிறருக்கு அனுப்புங்கள். மருத்துவமனைகளை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள்: ஒலிபெருக்கி வாங்கும் முன், பெட்டியருகே தாய்க்கு ஒரு நாற்காலி போடுங்கள். மொசார்ட் வரட்டும், நீலாம்பரியும் வரட்டும். அவர்களுக்கு முன்னால் பெற்றவள் உள்ளே வரட்டும்.