நீல வாண்டாவும் 100 கிலோமீட்டர் விலக்கும்

மேகாலயாவின் காசி மலைகளில் ஓக் மரக் கிளைகளைப் பற்றி வளரும் நீல வாண்டா, இந்தியாவின் அரிய காட்டு ஆர்க்கிட்டுகளில் ஒன்று. ஆர்க்கிட் குடும்பத்தில் நீலம் அபூர்வமான நிறம். அந்த நிறமே இச்செடிக்கு எமனாயிற்று.

1850இல் அங்கு சென்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், லண்டன் கியூ தோட்டத்திற்காக ஏழு ஆள் சுமை நீல வாண்டாவைத் திரட்டினார். அவற்றுள் மிகச் சிலவே உயிருடன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. வேறொருவர் அனுப்பிய ஒரே ஓர் ஆள் சுமையோ, வாடிய நிலையிலும் 300 பவுனுக்கு விலைபோனது. காசி மலை ஆர்க்கிட்டுகளை விற்று ஒரே பருவத்தில் 2000 முதல் 3000 பவுன் வரை ஈட்ட முடியும் என்று ஹூக்கரே தமது பயண நூலில் கணக்கிட்டுக் காட்டினார். காலனி ஆதிக்கத்தின் அறிவியலும் வணிகமும் ஒரே கூடையில் பயணம் செய்தன.

விடுதலைக்குப் பின்னரும் களவு நிற்கவில்லை. 1991இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, நீல வாண்டா, சிவப்பு வாண்டா உள்ளிட்ட சில தாவரங்களைக் காட்டிலிருந்து பறிப்பதும் பெயர்ப்பதும் அழிப்பதும் குற்றமாக்கப்பட்டன. பழங்குடி மக்கள் தங்கள் மாவட்டத்தில் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்ள மட்டும் விலக்குண்டு. அது நியாயமான விலக்கு. காட்டைச் சூறையாடியவர்கள் அவர்கள் அல்லர்.

சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை, 2004 பாங்காக் மாநாட்டில் நீல வாண்டாவை முதல் பட்டியலிலிருந்து இரண்டாம் பட்டியலுக்குத் தளர்த்தியது. தோட்டங்களில் இச்செடி பெருமளவில் பெருக்கப்பட்டுவிட்டது என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் தோட்டத்துச் செடி காட்டுச் செடிக்கு மாற்றாகிவிடாது. தூசியளவேயான ஆர்க்கிட் விதையில் முளைப்பதற்கான உணவுச் சேமிப்பு இல்லை. காட்டில் குறிப்பிட்ட பூஞ்சையின் துணையின்றி அது முளைப்பதில்லை. பூஞ்சைக்கும் செடிக்கும் இடம் தருவது மரம். மரம் வீழ்ந்தால் அதோடு அனைத்தும் வீழும்.

இங்கேதான் ஒன்றிய அரசின் கொள்கை அம்பலமாகிறது. ஒரு செடியைப் பறித்தவரைச் சிறைக்கு அனுப்ப ஒரு சட்டம் இருக்கிறது. அச்செடி வாழும் மரங்களை வரிசையாக வீழ்த்த வழிவிடுகிறது இன்னொரு சட்டம். 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம், சர்வதேச எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் தேசப் பாதுகாப்பு சார்ந்த சாலை, ரயில் பாதை போன்ற நீள்வாக்குத் திட்டங்களுக்கு அச்சட்டத்திலிருந்தே விலக்களித்தது. மேகாலயா, மிசோரம் போன்ற சிறு மாநிலங்கள் ஏறத்தாழ முழுமையாகவே இந்த 100 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. எல்லையோர மக்களுக்குச் சாலை வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. எந்தக் காட்டின் வழியே, எவருடைய ஒப்புதலுடன் என்பதே கேள்வி. வடகிழக்கின் காடுகளில் பெரும்பகுதி குலங்களுக்கும் கிராமங்களுக்கும் உரிமையானவை.

சிவப்பு வாண்டாவை மாநில மலராகக் கொண்ட மிசோரத்தின் சட்டமன்றம், 2023 ஆகஸ்டில் இந்தத் திருத்தத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றிய அரசு அதற்குச் செவிசாய்க்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று திருத்தம் நடைமுறைக்கு வந்தது.